கேஸ் வென் சொதப்பும்போது எங்கே பார்ப்பது

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல் மொழியில், நிபந்தனைக்கு ஏற்ற மதிப்பைக் கொடுக்கும் கேஸை எழுதத் தெரியாதவர் யாரும் இல்லை, அதனாலேயே அது தப்பாக வரும்போது யாரும் அதைச் சந்தேகப்படுவதும் இல்லை. டேட்டா சரியில்லை, ஜாயின் சரியில்லை, ரிப்போர்ட் டூல் சரியில்லை என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் அந்த ஆறு வரி கேஸ் முன்னால் வந்து நிற்போம். என்னிடம் வரும் "அண்ணா, ஒரு நிமிஷம் இந்தக் குவெரியைப் பாருங்களேன்" என்பவற்றில் பாதிக்கு மேல் இப்படித்தான் முடிகின்றன. அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம், வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

குவெரிகளில் கட்டளைச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன், அடிக்கும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். நெடுவரிசைப் பெயர்கள் தமிழில் இருப்பது என் ஆசைக்கு. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் ஆகிய டேட்டாபேஸ்கள் அவற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளும். எடுத்துக்காட்டு டேபிள் மதிப்பெண்கள்: அதில் எண், மாணவர், பாடம், மதிப்பெண். தேர்ச்சிக்கு 35. தேர்வுக்கு வராதவர் என்றால் மதிப்பெண் நல், அதாவது மதிப்பே பதியாத நிலை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். உங்கள் கேஸை ஒரு நகல் எடுத்து, தென்னுக்குப் பின்னால் இருப்பதை எல்லாம் அழித்துவிட்டு 1, 2, 3 என்று கிளை எண் போடுங்கள், எல்ஸுக்கு 99. பிறகு அந்த எண்ணை வைத்து குரூப் பை செய்து ஒவ்வொரு கிளைக்கும் எத்தனை வரி போகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கிளைக்கு ஒரு வரிகூடப் போகவில்லை என்றாலோ, 99-க்கு நீங்கள் நினைத்ததைவிட அதிகமாகப் போகிறது என்றாலோ, எந்த வென்னைப் பார்க்க வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை, ஆனால் செய்யச் சொன்னால் யாரும் செய்வதில்லை.

"100 வாங்கியவனுக்கும் வெறும் தேர்ச்சி என்றுதான் வருகிறது"

கேஸ்
  வென் மதிப்பெண் >= 35 தென் 'தேர்ச்சி'
  வென் மதிப்பெண் >= 60 தென் 'முதல் வகுப்பு'
  வென் மதிப்பெண் >= 75 தென் 'சிறப்பு'
  எல்ஸ் 'தோல்வி'
எண்ட்

மேலிருந்து கீழே வரும்போது முதலில் எந்த நிபந்தனை பொருந்துகிறதோ அதோடு கதை முடிந்தது, கீழே இருப்பதை அது திரும்பிக்கூடப் பார்க்காது. 100 என்பது 35-ஐ விடப் பெரியதுதானே, முதல் வாசலிலேயே உள்ளே போய்விட்டது. பெரிய எண்ணை மேலே போட்டு 75, 60, 35 என்று இறங்குங்கள், சரியாகிவிடும்.

சிலர் வரிசையை மாற்றாமல் பிட்வீன் போட்டுச் சமாளிப்பார்கள்: 35-க்கும் 59-க்கும் இடையில் ஒன்று, 60-க்கும் 74-க்கும் இடையில் ஒன்று. ஒருநாள் யாரோ ஒருவர் 59.5 வாங்குவார். 59-க்கும் 60-க்கும் நடுவில் இருக்கும் அந்தச் சந்தில் விழுந்து நேராக எல்ஸுக்குப் போய், முதல் வகுப்பைத் தொடப்போன பிள்ளை தோல்வி என்று அச்சாகும். முழு எண் மட்டுமே வரும் என்று எனக்கும் ஒரு காலத்தில் உறுதி கொடுத்திருக்கிறார்கள்.

"வராதவர்கள் எல்லோரும் தோல்வியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்"

நல் என்பது பூஜ்யம் இல்லை, வெற்றுச் சொல்லும் இல்லை, 'தெரியாது' என்று பொருள். தெரியாத ஒன்று 35-ஐ விடப் பெரியதா என்று கேட்டால் பதிலும் தெரியாது என்றுதான் வரும். உண்மை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே வென் திறக்கும். அதனால் நல் எல்லா வென்னையும் தாண்டி எல்ஸில் வந்து விழுகிறது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் அடுத்துச் செய்யும் தப்பு இது:

கேஸ் மதிப்பெண்
  வென் நல் தென் 'வரவில்லை'
  வென் 0 தென் 'பூஜ்யம்'
  எல்ஸ் 'எழுதினார்'
எண்ட்

பார்க்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது. ஆனால் அந்த முதல் கிளைக்கு உலகம் உள்ளவரை ஒரு வரியும் போகாது. கேஸுக்குப் பக்கத்திலேயே நெடுவரிசையை எழுதும் இந்த வடிவம், உள்ளே மதிப்பெண் = நல் என்றுதான் கேட்கும், அதற்கும் விடை 'தெரியாது'தான். பிழைச்செய்தியும் வராது, அமைதியாக 'எழுதினார்' என்று சொல்லிவிடும். நிபந்தனையை முழுதாக எழுதுங்கள், அதையும் முதல் கிளையாக வையுங்கள்:

கேஸ்
  வென் மதிப்பெண் இஸ் நல் தென் 'வரவில்லை'
  வென் மதிப்பெண் >= 35 தென் 'தேர்ச்சி'
  எல்ஸ் 'தோல்வி'
எண்ட்

ஆரக்கிள் டேட்டாபேஸிலிருந்து மாறி வருபவர்கள் இங்கே இரண்டு முறை அடிபடுவார்கள். அங்கே டிகோட் என்ற பழைய ஃபங்ஷன் நல்லையும் நல்லையும் சமம் என்றே எடுத்துக்கொள்ளும், ஆகவே டிகோடை வரிக்கு வரி கேஸாக மாற்றினால் நல் கிளை மட்டும் சத்தமில்லாமல் செத்துப்போகும். இன்னொன்று, ஆரக்கிளில் வெற்றுச் சொல்லே நல்தான். போஸ்ட்கிரெஸில் இரண்டும் வேறு வேறு. ஒரே டேட்டாவைத் தூக்கி வந்தாலும் கிளைகள் மாறும்.

"அப்டேட் ஓட்டினேன், பாதி நெடுவரிசை காலி"

இது என் சொந்த அனுபவம். மூன்று பேருக்கு மட்டும் மதிப்பெண் திருத்த வேண்டும் என்றார்கள், மூன்று அப்டேட் எழுதுவானேன் என்று ஒரே கேஸாக எழுதினேன்:

அப்டேட் மதிப்பெண்கள்
செட் மதிப்பெண் = கேஸ் எண்
  வென் 114 தென் 62
  வென் 208 தென் 71
  வென் 391 தென் 48
எண்ட்

ஓட்டியவுடன் "4,126 வரிகள் மாற்றப்பட்டன" என்று வந்தது. மூன்று என்று வரவேண்டிய இடத்தில் நாலாயிரம். அந்த எண்ணைப் பார்த்தபோது வயிற்றுக்குள் ஏதோ புரண்டது இன்னும் நினைவிருக்கிறது. எல்ஸ் எழுதாவிட்டால் "இருப்பதை அப்படியே விட்டுவிடும்" என்று மனம் நம்புகிறது, அப்படிக் கிடையாது. எல்ஸ் இல்லாத கேஸ், பொருந்தாத வரிக்கு நல் கொடுக்கும், அந்த நல் போய் நெடுவரிசையில் உட்காரும். கேஸ் ஒரு மதிப்பைக் கொடுக்கும் கோவை, அவ்வளவுதான். "எதுவும் செய்யாதே" என்று சொல்ல அதனிடம் வழியே இல்லை. முந்தைய இரவின் பேக்கப் இருந்ததால் தப்பித்தேன்.

சரி செய்ய இரண்டும் வேண்டும்: எல்ஸ் மதிப்பெண் என்று பழைய மதிப்பையே திருப்பிக் கொடுப்பது, கூடவே வேர் எண் இன் (114, 208, 391). எல்ஸ் மட்டும் போதாதா என்றால், விடை சரியாகத்தான் வரும், ஆனால் நாலாயிரம் வரியையும் எடுத்து அதே மதிப்பை டேட்டாபேஸ் திரும்ப எழுதும், ட்ரிக்கர் (வரி மாறும்போது தானாக ஓடும் நிரல்) இருந்தால் அதுவும் நாலாயிரம் முறை ஓடும். நெடுவரிசையில் நாட் நல் (நல் வரக்கூடாது என்ற விதி) இருந்திருந்தால் டேட்டாபேஸே தடுத்திருக்கும் என்பது தனி வருத்தம்.

"வகை மாற்ற முடியவில்லை என்று பிழை, அதுவும் சில நாள்தான் வருகிறது"

கேஸ் வென் மதிப்பெண் இஸ் நல் தென் 'வரவில்லை' எல்ஸ் மதிப்பெண் எண்ட்

ஒரு கிளை சொல், ஒரு கிளை எண். கேஸ் முழுவதற்கும் ஒரே வகைதான் இருக்க முடியும், அதை ஒவ்வொரு டேட்டாபேஸும் ஒவ்வொரு மாதிரி முடிவு செய்கிறது. போஸ்ட்கிரெஸ் ஓடுவதற்கு முன்பே மறுத்துவிடும், ஆரக்கிளும் வகைகள் ஒத்துவரவில்லை என்று அப்போதே சொல்லிவிடும். நல்லது, அங்கேயே திருத்திவிடலாம். எஸ்கியூஎல் சர்வர்தான் ஆபத்து. அங்கே இன்ட் என்ற முழு எண் வகைக்கு வார்க்கார் என்ற சொல் வகையை விட முன்னுரிமை, ஆகவே முழு கேஸும் இன்ட், 'வரவில்லை' என்ற சொல்லை இன்ட்டாக மாற்றப் பார்க்கும். ஆனால் அந்தக் கிளைக்குள் ஒரு வரி போகும்போதுதான் அது நடக்கும். எல்லோரும் தேர்வுக்கு வந்த மாதத்தில் ரிப்போர்ட் ஒழுங்காக ஓடும், ஒருவருக்குக் காய்ச்சல் வந்து லீவு போட்டால் ரிப்போர்ட்டுக்கும் காய்ச்சல்.

மைஎஸ்கியூஎல் எதுவுமே சொல்லாது, எல்லாவற்றையும் சொல்லாக்கிவிடும். அங்கே அறிகுறி வேறு: வரிசைப்படுத்தினால் 100, 35, 9 என்று வரும். சொல்லாகப் பார்த்தால் 1 என்ற எழுத்து 3-க்கும் 9-க்கும் முன்னால்தானே. மதிப்பெண் பட்டியல் இப்படி வந்தால் வரிசைப்படுத்தும் ஆர்டர் பையைத் திட்டாதீர்கள், செலக்டில் இருக்கும் கேஸைப் பாருங்கள்.

எண் கிளையை காஸ்ட் போட்டுச் சொல்லாக்கினால் பிழை போகும். எனக்கு அது பிடிப்பதில்லை. மதிப்பெண் எண்ணாகவே ஒரு நெடுவரிசையில் வரட்டும், வந்தார் வரவில்லை என்பது பக்கத்தில் இன்னொரு நெடுவரிசையாக வரட்டும், காட்டும் இடத்தில் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதே நோயின் இன்னொரு முகம், பயனர் தேர்ந்தெடுத்தபடி வரிசைப்படுத்த ஆர்டர் பைக்குள் ஒரே கேஸில் பெயரையும் மதிப்பெண்ணையும் போடுவது. இரண்டு கேஸாகப் பிரித்து நடுவில் காற்புள்ளி போடுங்கள், ஒன்று பெயருக்கு, ஒன்று மதிப்பெண்ணுக்கு. தேர்வாகாத கேஸ் எல்லா வரிக்கும் நல் கொடுக்கும், வரிசையைக் கெடுக்காது.

"தேர்ச்சி எண்ணிக்கையும் மொத்த எண்ணிக்கையும் ஒன்றாகவே இருக்கிறது"

கவுண்ட்(கேஸ் வென் மதிப்பெண் >= 35 தென் 1 எல்ஸ் 0 எண்ட்). கவுண்ட் நல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எண்ணும், பூஜ்யமும் அதற்கு ஒரு மதிப்புதான். எல்ஸை எடுத்துவிடுங்கள், அல்லது கவுண்டுக்குப் பதில் சம் போடுங்கள். இந்த ஓர் இடத்தில் எல்ஸ் இல்லாமல் இருப்பதுதான் சரி. சம் போட்டால் ஒன்றைக் கவனியுங்கள், வடிகட்டலுக்குப் பின் ஒரு வரிகூட இல்லாவிட்டால் 0 வராது, நல் வரும். போஸ்ட்கிரெஸில் இருப்பவர்களுக்கு 2014-இல் வந்த 9.4 பதிப்பிலிருந்து ஃபில்டர் உண்டு: கவுண்ட்(*) ஃபில்டர் (வேர் மதிப்பெண் >= 35). படிக்கும்போதே புரிகிறது.

"பூஜ்யத்தால் வகுக்காதே என்று காவல் போட்டேன், அப்படியும் வகுக்கிறது"

கேஸ் வென் மின்(வேலைநாள்) > 0 தென் ஏவிஜி(வருகை / வேலைநாள்) எண்ட்

மேலே காவல் இருக்கிறது, கீழே வகுத்தல் இருக்கிறது, பிறகு ஏன் அடிக்கிறது? மின் (மிகக் குறைந்தது), ஏவிஜி (சராசரி) போன்ற திரட்டுக் கணக்குகள் எல்லா வரிகளையும் முதலில் மேய்ந்து முடித்த பிறகுதான் கேஸின் முறையே வரும். அதாவது வகுத்தல் நடந்து, வெடித்து, அதற்கப்புறம்தான் காவல்காரர் வேலைக்கு வருகிறார். காவலை உள்ளே தள்ளுங்கள்: ஏவிஜி(வருகை / நல்இஃப்(வேலைநாள், 0)). வேலைநாள் 0 என்றால் நல் ஆகும், நல்லால் வகுத்தால் நல், ஏவிஜி நல்லைக் கணக்கில் சேர்க்காது.

மைஎஸ்கியூஎல்லில் செலக்டுக்குள் பூஜ்யத்தால் வகுத்தால் பிழை வராது, எச்சரிக்கையோடு நல் வரும், அங்கிருந்து வந்தவர்கள்தான் இதில் அதிகம் திகைக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ், எஸ்கியூஎல் சர்வர் இரண்டிலும் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்ணே வரும் என்பதையும் இதோடு பார்த்துவிடுங்கள். 45 நாள் வந்தவர், 60 வேலைநாள், விடை 0. அப்புறம் அந்த 0 எல்லா வென்னிலும் தோற்று எல்ஸில் விழும், நீங்கள் கேஸை முறைத்துக்கொண்டிருப்பீர்கள். 1.0 * வருகை என்று தொடங்குங்கள்.

சிலர் வேண்டுமென்றே எல்ஸ் 1/0 என்று எழுதி "இங்கே வந்தால் வெடிக்கட்டும்" என்பார்கள். மாறிலிக் கணக்கு என்பதால் போஸ்ட்கிரெஸ் அதைத் திட்டமிடும்போதே கணக்கிட்டுப் பார்க்கும், எந்த வரியும் எல்ஸுக்குப் போகாவிட்டாலும் வெடிக்கும்.

"தேர்ச்சி என்று ஒரே வரி வர வேண்டும், அறுபது வரி வருகிறது"

செலக்ட் கேஸ் வென் மதிப்பெண் >= 35 தென் 'தேர்ச்சி' எல்ஸ் 'தோல்வி' எண்ட் ஆஸ் மதிப்பெண், கவுண்ட்(*)
ஃப்ரம் மதிப்பெண்கள்
குரூப் பை மதிப்பெண்

கேஸுக்கு வைத்த பெயரும் டேபிளில் இருக்கும் நெடுவரிசைப் பெயரும் ஒன்று. குரூப் பையில் இப்படிக் குழப்பம் வந்தால் போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎல்லும் டேபிளின் நெடுவரிசையைத்தான் எடுக்கும். ஆக 35 முதல் 100 வரை எத்தனை விதமான மதிப்பெண் இருக்கிறதோ அத்தனை 'தேர்ச்சி', 66 வரைகூடப் போகலாம். ஆர்டர் பையில் அதே பெயரை எழுதினால் தலைகீழாக, நீங்கள் வைத்த பெயரை எடுக்கும், அது வேறு வேடிக்கை. பெயரை 'நிலை' என்று மாற்றுங்கள், தீர்ந்தது. எஸ்கியூஎல் சர்வரில் குரூப் பைக்குள் இப்படி வைத்த பெயரே செல்லாது, கேஸை முழுதாகத் திரும்ப எழுத வேண்டும், அல்லது உள்குவெரிக்குள் வைக்க வேண்டும்.

"ஊர் பெயர் அப்படியே இருக்கிறது, பொருந்த மாட்டேன் என்கிறது"

தமிழில் டேட்டா வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். வென் ஊர் = 'கொடைக்கானல்' என்று எழுதியிருக்கிறீர்கள், டேபிளிலும் கொடைக்கானல்தான், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, ஆனாலும் எல்ஸுக்குப் போகிறது. லெங்த் எடுத்துப் பாருங்கள். 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வுக்கு அடுத்து ஒகரக் குறி ஒற்றைக் குறியீடாக, அல்லது கொம்பு தனியாகவும் கால் தனியாகவும். முதல் விதத்தில் நீளம் 2, இரண்டாவதில் 3. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது விதம் நிறைய வரும். இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து நார்மலைஸ் ஃபங்ஷன் இருக்கிறது, டேட்டா உள்ளே வரும்போதே அதில் போட்டு எடுத்துவிடுங்கள்.

ஆனால் நார்மலைஸ் எல்லாவற்றையும் தீர்க்காது. சௌந்தர்யா என்ற பெயரில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டு, சகரம், அப்புறம் ளகர எழுத்து என்று அடிப்பவர்கள் ஏராளம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு அது செ, ள என்ற இரண்டு எழுத்து. ஸ்ரீரங்கத்தின் முதல் எழுத்துக்கும் இரண்டு வழி உண்டு. இவற்றை நீங்களே தேடிப் பிடித்து மாற்ற வேண்டியதுதான்.

எஸ்கியூஎல் சர்வரில் அறிகுறி இன்னும் வெளிப்படையாக இருக்கும். தென் 'வரவில்லை' என்று எழுதினால் வெளியே எட்டுக் கேள்விக்குறி வரும். மேற்கோளுக்கு முன்னால் என் என்ற ஆங்கில எழுத்து இல்லாததால் தமிழ் முழுவதும் தொலைந்துவிட்டது, எட்டுக் குறியீட்டுக்கு எட்டுக் கேள்விக்குறி. தென்னில் தொலைந்தால் கண்ணில் படும். வென் பாடம் = 'தமிழ்' என்பதில் தொலைந்தால் எங்கும் தெரியாது, ஐந்து கேள்விக்குறியோடு பாடத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கிளைக்குப் போய்விடும். 2019 பதிப்பில் வந்த யூடிஎஃப்-8 கொலேஷனை (எழுத்துகளைச் சேமித்து ஒப்பிடும் விதியை) டேட்டாபேஸுக்கே வைத்திருந்தால் தப்பிக்கலாம். நான் எல்லா இடத்திலும் அந்த என் எழுத்தைப் போட்டுவிடுவேன்.

"மூன்று விடைக்கும் கிளை இருக்கிறது, ஆனாலும் நல் வருகிறது"

எஸ்கியூஎல் சர்வரில் மாணவர்களுக்கு அ, ஆ, இ என்று வினாத்தாள் பிரிக்க ஒவ்வொரு முறையும் புது மதிப்பு தரும் நியூஐடி ஃபங்ஷனிலிருந்து ஓர் எண் எடுத்து, மூன்றால் வகுத்த மீதியைக் கேஸுக்குப் பக்கத்தில் வைத்து, வென் 0, வென் 1, வென் 2 என்று எழுதியிருப்பீர்கள். மீதி இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும், ஆனால் 100 பேரில் கிட்டத்தட்ட 30 பேருக்கு வினாத்தாளே கிடைக்காது. காரணம், ஒவ்வொரு வென்னுக்கும் அந்தக் கோவை புதிதாகக் கணக்கிடப்படுகிறது. முதல் வென்னில் ஒரு தாயம், இரண்டாவதில் வேறு தாயம். மூன்று முறையும் தவறும் வாய்ப்பு 27-இல் 8, கணக்கு சரியாக இருக்கிறது பாருங்கள். எண்ணை முதலில் தற்காலிக டேபிளில் எழுதிவிட்டு அதன்மேல் கேஸ் போடுங்கள். கடைசி வென்னை எல்ஸாக மாற்றினால் நல் மறையும், ஆனால் 'இ' தாள் மட்டும் எக்கச்சக்கமாகப் போகும்.

"எண்ட் பக்கத்தில் பிழை என்கிறது"

பெரும்பாலும் எண்டே இல்லை, அல்லது கிளைகளுக்கு நடுவில் காற்புள்ளி இருக்கிறது. ப்ரொசீஜருக்குள் (டேட்டாபேஸில் சேமித்து வைத்த நிரலுக்குள்) இருந்தால் இன்னொரு சங்கதி: மைஎஸ்கியூஎல், ஆரக்கிளின் பிஎல்எஸ்கியூஎல் இரண்டிலும் கட்டளையாக வரும் கேஸ் வேறு, கோவையாக வரும் கேஸ் வேறு. கட்டளை எண்ட் கேஸ் என்று முடியும், அதில் எல்ஸ் இல்லாமல் எதுவும் பொருந்தாவிட்டால் நல் வராது, பிழையே வரும். மைஎஸ்கியூஎல்லில் 1339, ஆரக்கிளில் ஓஆர்ஏ-06592. எஸ்கியூஎல் சர்வரில் கட்டளை வடிவமே கிடையாது. தென்னுக்குப் பின்னால் அப்டேட் எழுத முயன்றால் என்ன செய்தாலும் ஏற்காது, இஃப் எல்ஸுக்குப் போய்விடுங்கள்.

"பத்துக்கு மேல் அடுக்க முடியாது என்கிறது"

எஸ்கியூஎல் சர்வரில் கேஸுக்குள் கேஸ் 10 அடுக்குதான், கேஸின் சுருக்க வடிவமாக 2012-இல் வந்த ஐஐஎஃப்புக்கும் அதே வரம்பு. ஒரே கேஸில் வென்களை அடுக்க இந்த வரம்பு இல்லை, ஆகவே உள்ளே உள்ளே போனதைப் பிரித்து ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தாலே பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும். அப்படியும் 40 வென் நிற்கிறது என்றால் அது குவெரியில் இருக்க வேண்டிய விஷயமே இல்லை. தொடக்கம், நிலை என்று இரண்டு நெடுவரிசை வைத்து ஒரு சின்ன டேபிள் போட்டு, மதிப்பெண்ணுக்குச் சமமாகவோ கீழேயோ இருக்கும் தொடக்கங்களில் மிகப் பெரியதை எடுத்து லெஃப்ட் ஜாயின் செய்யுங்கள். அடுத்த வருஷம் வரம்பு மாறினால் குவெரியைத் தொடாமல் அந்த டேபிளில் ஒரு வரியை மாற்றினால் போதும். தொடக்கம் 0 என்று ஒரு வரி போட மறந்தால் 35-க்குக் கீழே உள்ளவர்களுக்கு அங்கேயும் நல்தான் வரும்.